கட்டட வரைபட வாசிப்பு: தொடக்கநிலைக் கற்போருக்கான படிநிலைகளும் கலைச்சொற் சிக்கல்களும்

ஆய்வுச் சுருக்கம்

கட்டட வரைபடமும் தொழிற்கூட வரைபடமும் எழுத்தைப் போலவே மரபால் நிலைபெற்ற குறிகளால் ஆனவை. அவற்றைப் பார்ப்பது வேறு, வாசிப்பது வேறு. தமிழ்வழியில் கற்று வரும் தொழிற்பயிற்சி மாணவர், கட்டடத் தொழிலாளர், வீடு கட்டும் உரிமையாளர் ஆகிய மூவரும் வரைபடத்தை எதிர்கொள்கின்றனர். ஆயினும் அதனை வாசிக்கும் முறையைத் தமிழில் படிப்படியாக விளக்கும் எழுத்துகள் போதிய அளவில் இல்லை. இக்கட்டுரை தோற்றம், கோடு, அளவு, குறியீடு என்னும் நான்கு கூறுகளின் அடிப்படையில் வரைபட வாசிப்பை விளக்குகிறது. ஓரறைக் கட்டடம் ஒன்றை எடுத்துக்காட்டாகக் கொண்டு வாசிப்பு வரிசையை முன்வைக்கிறது. களத்தில் வழங்கும் சொல்லும் படத்தில் எழுதப்படும் சொல்லும் முரண்படும் இடங்களையும் சுட்டுகிறது.

திறவுச்சொற்கள்: வரைபடம், வீழல், கிடைப்படம், வெட்டுத்தோற்றம், அளவுவிகிதம், கலைச்சொல், களவழக்கு.

முன்னுரை

தமிழ்நாட்டில் 2024 சூலையில் தற்சான்று அடிப்படையிலான கட்டட அனுமதி நடைமுறைக்கு வந்தது. 2500 சதுர அடி வரையிலான மனையில் 3500 சதுர அடி வரை கட்டப்படும் குடியிருப்புகளுக்கு இணையவழியே அனுமதி பெற இது வழிவகுத்தது. இம்முறையில் விதிகளுக்கு உட்பட்டே கட்டுவதாக உறுதியளிக்கும் பொறுப்பு விண்ணப்பதாரரைச் சார்கிறது. வரைபடத்தை வரைந்தவர் பொறியாளராக இருக்கலாம்; அதன்வழி உறுதிமொழி அளிப்பவர் உரிமையாளர். தாம் ஒப்பமிடும் தாளில் எழுதியிருப்பதை வாசிக்க இயலாத ஒருவர் அதற்குப் பொறுப்பேற்கும் நிலை இதனால் உருவாகிறது. கையெழுத்திடத் தெரிந்தவரை எழுத்தறிவு பெற்றவராகக் கணக்கிட்ட பழைய வழக்கத்தை இந்நிலை நினைவூட்டுகிறது.

வரைபட வாசிப்பைப் பொறியியல் துறைக்கு மட்டும் உரியதாகக் கருதி மொழித்துறையினர் ஒதுக்கிவிடுகின்றனர். ஆனால் குறி, குறிப்பொருள், மரபு, சூழல் ஆகியவற்றால் பொருள் உணர்த்தும் எதுவும் மொழியியல் நோக்கில் ஆராயத் தக்கது. ஒரே கோடு ஒரு படத்தில் ஒரு பொருளையும் மற்றொரு படத்தில் வேறு பொருளையும் தருகிறது. ஒரே சொல் தாளில் ஒன்றையும் களத்தில் மற்றொன்றையும் சுட்டுகிறது. இவ்விரு வேறுபாடுகளையும் உணராதபோது பிழை சொல்லில் நின்றுவிடுவதில்லை. சுவராகவும் கம்பியாகவும் எழுந்து நிற்கிறது. ஆகவே, தொடக்கநிலையில் வரைபடத்தைக் கற்பவர் எவ்வரிசையில் எவற்றைக் கற்க வேண்டும் என்பதை இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

1. வரைபடம் என்னும் சொல்லும் அதன் பொருட்பரப்பும்

தமிழில் ‘வரைபடம்’ என்னும் சொல் குறைந்தது மூன்று பொருள்களில் வழங்குகிறது. புவியியலில் நிலப்பகுதியைக் காட்டும் படத்தையும், கணிதத்தில் சார்பின் போக்கைக் காட்டும் கோட்டுருவையும், பொறியியலில் செய்பொருளின் வடிவையும் அளவையும் காட்டும் படத்தையும் அது குறிக்கிறது. இம்மூன்றையும் வாசிக்கும் முறைகள் வெவ்வேறானவை. நிலவரைபடம் ஏற்கெனவே உள்ளதைக் காட்டுவது. பொறியியல் வரைபடமோ பெரும்பாலும் இனி உருவாக வேண்டியதைக் காட்டுவது. முன்னது விவரிப்பு, பின்னது ஆணை. ஏவல் வினைமுற்றைப் போல, ‘இவ்வாறு செய்க’ என்பதே பொறியியல் வரைபடத்தின் உள்ளுறையாகும்.

இப்படங்களைப் படியெடுக்கப் பயன்பட்ட நீல அச்சுமுறைக்கு ஒரு வரலாறு உண்டு. 1842இல் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்புகளைக் கொண்டு ஒளியால் அச்சிடும் முறையைக் கண்டறிந்தார். ஒளி பட்ட இடம் நீலமாகவும், கோடு மறைத்த இடம் வெண்மையாகவும் அமைந்தது. இதனால் மூலப்படம் ஒன்றிலிருந்து பல படிகளை எடுப்பது எளிதாயிற்று. பிற்காலத்தில் வெண்ணிறத் தாளில் நீலக்கோடுகள் தோன்றும் அம்மோனியா அச்சு அவ்விடத்தைப் பெற்றது. இன்று கணினி அச்சு வழக்கில் உள்ளது. முறை மறைந்தும் ஆங்கிலத்தில் பெயர் மறையவில்லை. தமிழிலோ ‘நீலப்படம்’ என்னும் நேர்மொழிபெயர்ப்பு பேச்சுவழக்கில் முற்றிலும் வேறொரு பொருளைப் பெற்றுவிட்டது. ஆகவே அச்சொல் இங்குத் தவிர்க்கப்படுகிறது. ‘வரைபடம்’ என்பதே அடைமொழியுடன் ஆளப்படுகிறது.

திட்டமிட்டு அளந்து கட்டும் மரபு தமிழுக்குப் புதிதன்று. அரண்மனை அமைப்பதற்காக நிழலைக் கொண்டு திசையறிந்து, கயிறிட்டு நிலத்தைக் குறித்த செய்தியை நெடுநல்வாடை தருகிறது. மயமதம் முதலிய சிற்பநூல்கள் மனையை 64, 81 எனக் கட்டங்களாகப் பகுத்துத் திட்டமிடும் முறையைக் கூறுகின்றன. நிலமளந்த கோலின் நீளம் கோயிற்கற்களில் பொறிக்கப்பட்டிருப்பதைக் கல்வெட்டாய்வுகள் காட்டுகின்றன. இவற்றின் அளவும் ஒழுங்கும் நிலத்திலேயே குறிக்கப்பட்டன. பெருமளவு அறிவு தொழில்வல்லாரின் நினைவிலும் கைத்திறத்திலும் தங்கியிருந்தது. இன்றைய வரைபடம் அவ்வறிவைத் தாளுக்கு மாற்றுகிறது. எனவே தாளை வாசிக்கத் தெரியாத தொழிலாளி, தம் கைத்திறம் குறையாதிருந்தும், முடிவெடுக்கும் இடத்திலிருந்து விலக்கப்படுகிறார்.

2. தோற்றங்கள்: மூன்று பரிமாணத்தை இரண்டில் அடக்குதல்

நீளம், அகலம், உயரம் என்னும் மூன்றும் உடைய பொருளைத் தட்டையான தாளில் அளவு கெடாமல் காட்டுவது எவ்வாறு என்பதே வரைபடக் கலையின் அடிப்படை வினா. ஓவியர் தொலைவில் உள்ளதைச் சிறிதாக வரைவார். கண்ணுக்கு அது இயல்பாகத் தோன்றும், ஆனால் அதிலிருந்து அளவெடுக்க இயலாது. பிரெஞ்சுக் கணிதவியலார் காஸ்பார் மோன்ஜ் (1746–1818) ஒன்றுக்கொன்று செங்குத்தான தளங்களின் மீது பொருளின் வீழலை வரையும் முறையை ஒழுங்குபட்ட கணிதத் துறையாக வளர்த்தார். இன்றைய பொறியியல் வரைபடம் அவ்வடித்தளத்தில் நிற்கிறது.

இம்முறையில் ஒரு படம் தனித்து முழுமை பெறுவதில்லை. முன்தோற்றத்தில் நீளமும் உயரமும் உண்டு, ஆழம் இல்லை. மேல்தோற்றத்தில் நீளமும் ஆழமும் உண்டு, உயரம் இல்லை. பக்கத்தோற்றத்தில் ஆழமும் உயரமும் உண்டு, நீளம் இல்லை. மேலிருந்து நோக்கும்போது வட்டமாகத் தெரிவது உருளையாகவும் இருக்கலாம், கோளமாகவும் இருக்கலாம். முன்தோற்றத்தைக் கண்ட பின்னரே அது துணியப்படும். எனவே தொடக்கநிலைக் கற்போர் பயில வேண்டிய முதற்பழக்கம், ஒரு தோற்றத்தைக் கொண்டு முடிவுக்கு வராமல் மற்றொன்றோடு ஒப்பிடுவதாகும்.

தோற்றங்களைத் தாளில் அடுக்குவதில் இரு மரபுகள் உள்ளன. முதற்கோண வீழலில் பொருள், பார்ப்பவருக்கும் தளத்துக்கும் இடையே இருப்பதாகக் கொள்ளப்படும். அதனால் மேல்தோற்றம் முன்தோற்றத்தின் கீழும், இடப்பக்கத் தோற்றம் முன்தோற்றத்தின் வலப்புறமும் அமையும். மூன்றாம்கோண வீழலில் தளமே பார்ப்பவருக்கும் பொருளுக்கும் இடையே நிற்கும். அதனால் மேல்தோற்றம் மேலேயும், இடப்பக்கத் தோற்றம் இடப்புறத்திலும் அமையும். இந்தியத் தரநிலைகள் முதற்கோண முறையைப் பின்பற்றுகின்றன. அமெரிக்கா, ஜப்பான் முதலிய நாடுகளில் மூன்றாம்கோண முறை வழங்குகிறது.

வெளிநாட்டு நிறுவனத்துக்காக உதிரிப்பாகம் செய்யும் தொழிற்கூடத்தில் இரண்டும் வந்து சேர்கின்றன. ஒன்றை மற்றொன்றாக வாசித்தால், இடப்புறம் இருக்க வேண்டிய துளை வலப்புறம் விழும்; எல்லா அளவுகளும் சரியாக இருந்தும் பாகம் கண்ணாடியில் கண்டது போல் தலைகீழாகும். இதனைத் தவிர்ப்பதற்காகவே தலைப்புக் கட்டத்தில் நுனி வெட்டப்பட்ட கூம்பின் இரு தோற்றங்கள் குறியீடாக இடப்படுகின்றன. கூம்பின் சிறுமுனை இடப்புறம் நோக்கியிருக்க, வட்டங்கள் கூம்புக்கு வலப்புறம் இருப்பின் முதற்கோணம். இடப்புறம் இருப்பின் மூன்றாம்கோணம்.

கட்டட வரைபடத்தில் ஒவ்வொரு தோற்றத்துக்கும் பெயர் எழுதப்படுவதால் இக்குழப்பம் குறைவு. ஆனால் வேறொரு குழப்பம் உண்டு. வீட்டின் ‘பிளான்’ எனப்படும் கிடைப்படத்தை மேலிருந்து பார்த்த படம் என்றே பலரும் கருதுகின்றனர். மேலிருந்து பார்த்தால் கூரையே தெரியும், அறைகள் தெரியா. கிடைப்படம் உண்மையில் ஒரு வெட்டுத்தோற்றம். தரையிலிருந்து ஏறத்தாழ 1 மீட்டர் முதல் 1.2 மீட்டர் உயரத்தில் கட்டடத்தைக் கிடையாக அரிந்து, மேற்பகுதியை நீக்கிவிட்டுக் கீழ்நோக்கினால் தெரிவதே அது. சன்னலின் அடிமட்டம் பொதுவாக இதற்குக் கீழே இருப்பதால் சன்னல்கள் கிடைப்படத்தில் இடம்பெறுகின்றன. இந்த ஒரு விளக்கத்தைப் பெற்றவுடன் கிடைப்படத்தின் பெரும்பகுதி தெளிவாகிவிடும்.

கிடையாக அரிவது போலவே செங்குத்தாகவும் அரியலாம். அடித்தளம் முதல் கைப்பிடிச்சுவர் வரை நெடுக வெட்டிக் காட்டுவது ‘செக்ஷன்’ எனப்படும் வெட்டுத்தோற்றம். எவ்விடத்தில் வெட்டப்பட்டது என்பதைக் கிடைப்படத்தில் ‘அ–அ’ என எழுத்திட்ட கோடு காட்டும். அக்கோட்டின் இருமுனைகளிலும் உள்ள அம்புக்குறிகள் எத்திசை நோக்கிப் பார்க்க வேண்டும் என்பதைக் கூறும். அம்பைக் கவனியாமல் வாசித்தால், எதிர்ச்சுவரின் சன்னலை இச்சுவரில் தேட நேரும்.

3. கோடுகளின் இலக்கணம்

வரைபடத்தில் எக்கோடும் அழகுக்காக இடப்படுவதில்லை. கோட்டின் கனமும், அது தொடர்வதும் விட்டுவிட்டு வருவதும் பொருள் உணர்த்துவன.

தடித்த தொடர்கோடு பொருளின் கண்ணுக்குத் தெரியும் விளிம்பைக் காட்டும். மெல்லிய தொடர்கோடு அளவுக்கோடாகவும், அளவை வெளியே நீட்டும் துணைக்கோடாகவும், வெட்டுப்பரப்பை நிரப்பும் சாய்கோடாகவும் வரும். சிறுசிறு துண்டுகளாக அமையும் இடைவிட்ட கோடு மறைந்த விளிம்பைச் சுட்டும். நெடுந்துண்டும் குறுந்துண்டும் மாறிமாறி வரும் சங்கிலிக்கோடு நடுக்கோட்டைக் குறிக்கும். அதன் முனைகள் மட்டும் தடித்திருந்தால் அது வெட்டும் தளத்தைக் குறிக்கும். கையால் வரைந்தது போன்ற நெளிகோடு, பொருள் அதற்கப்பாலும் தொடர்கிறது என்பதை உணர்த்தும்.

சூழலால் பொருள் வேறுபடுவதை இடைவிட்ட கோட்டில் தெளிவாகக் காணலாம். இயந்திர வரைபடத்தில் அது பொருளுக்குப் பின்னாலோ உள்ளேயோ மறைந்ததைக் காட்டுகிறது. கட்டடத்தின் கிடைப்படத்தில் வெட்டும் தளத்துக்கு மேலே உள்ளதையும் அதுவே காட்டுகிறது: சன்னலுக்கு மேலுள்ள சன்ஷேடு, அறையின் குறுக்கே செல்லும் பீம், பரண் ஆகியவை இடைவிட்ட கோட்டால் வரையப்படுகின்றன. இதனை அறியாதவர், தலைக்கு மேல் இருக்கும் பீமைத் தரையில் உள்ள படியாகக் கருதக்கூடும். ஒரே உருபு வெவ்வேறு வேற்றுமைப் பொருளில் வருவதை இடமறிந்து கொள்வது போல, இக்கோட்டையும் படத்தின் வகையறிந்தே கொள்ள வேண்டும்.

4. அளவும் அளவுவிகிதமும்

முழு வீட்டை ஒரு தாளில் அடக்குவதற்கு அளவைச் சுருக்க வேண்டியுள்ளது. 1:100 என்றால் தாளில் 1 மி.மீ. என்பது நிலத்தில் 100 மி.மீ. ஆகும். மனைப்படம் 1:200 அல்லது 1:500 அளவிலும், கிடைப்படம் 1:100 அல்லது 1:50 அளவிலும், கதவு, படிக்கட்டு முதலியவற்றின் நுண்விளக்கப் படங்கள் 1:20 அல்லது 1:10 அளவிலும் வரையப்படுவது பொதுவழக்கு. இங்கு எண் பெரிதாகப் பெரிதாகப் படம் சிறிதாகும் என்பதைத் தொடக்கத்திலேயே மனங்கொள்ள வேண்டும். தமிழ்ப் பாடநூல்களில் இதற்கு ‘அளவுகோல்’, ‘அளவுத்திட்டம்’ ஆகிய சொற்கள் வழங்குகின்றன. ‘அளவுகோல்’ கருவியையும் குறிப்பதால் இக்கட்டுரை ‘அளவுவிகிதம்’ என்பதைக் கொள்கிறது.

அளவுவிகிதம் தெரிந்தாலும் தாளில் அளவுகோலை வைத்து அளந்து கட்டக் கூடாது என்பது இத்துறையின் உறுதியான நெறி. எழுதப்பட்ட எண்ணே சான்று. வரையப்பட்ட நீளம் துணை மட்டுமே. இதற்கான காரணத்தைத் தாளின் அளவே விளக்கும். ஏ1 தாள் 594 × 841 மி.மீ. அளவுடையது, ஏ3 தாள் 297 × 420 மி.மீ. அளவுடையது. ஏ1 தாளில் 1:50 என வரைந்த படத்தைக் கையாள்வதற்கு எளிதாக ஏ3 தாளில் நகலெடுத்தால் எல்லாக் கோடுகளும் பாதியாகிவிடும். ‘1:50’ என்னும் எழுத்து மட்டும் மாறாது. 3600 மி.மீ. நீளமுள்ள அறை மூலத்தாளில் 72 மி.மீ. இருக்கும், நகலில் 36 மி.மீ. ஆகும். அதனை 50ஆல் பெருக்குபவர் அறையின் நீளம் 1800 மி.மீ. என்னும் தவறான முடிவுக்கு வருவார்.

அடுத்த சிக்கல் அலகு. வரைபடத்தில் மி.மீ. என்னும் அலகைக் குறிப்புரையில் ஒருமுறை எழுதிவிட்டு எண்களை மட்டும் இடுவது வழக்கம். களத்திலோ அடியும் அங்குலமும் ஆள்கின்றன. ஓர் அடி 304.8 மி.மீ. ஆகும். 3000 மி.மீ. என்பதைப் ‘பத்தடி’ எனக் கொண்டால் 48 மி.மீ. கூடிவிடும்.

இதனினும் நுட்பமானது புள்ளியிட்டு எழுதும் வழக்கம். பத்தடி ஆறு அங்குலத்தை ‘10.6’ என எழுதும் வழக்கம் களத்தில் உண்டு. அது பதின்மக் கணக்கில் பத்தரை அடிக்கு மேற்பட்ட வேறோர் அளவு. பத்தடி ஆறு அங்குலம் 3200.4 மி.மீ.; 10.6 அடி 3230.9 மி.மீ. இங்கு வேறுபாடு சிறிது. ஆனால் பத்தடி பத்தங்குலத்தை ‘10.10’ என எழுதினால் நிலைமை மாறும். முன்னது ஏறத்தாழ 3302 மி.மீ.; பதின்மமாக வாசித்தால் ஏறத்தாழ 3078 மி.மீ. இரண்டுக்கும் இடையிலான வேறுபாடு 220 மி.மீ.க்கு மேற்படுகிறது. ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றின் கனத்துக்கு நிகரான பிழையை ஒரு புள்ளி உண்டாக்குகிறது எனலாம்.

மூன்றாவது, அளவு எங்கிருந்து எங்குவரை என்னும் வினா. அறையின் உள்ளளவு, சுவரின் வெளியளவு, நடுக்கோட்டிலிருந்து நடுக்கோடு வரையிலான அளவு ஆகிய மூன்றும் ஒரே படத்தில் வரலாம். அளவுக்கோட்டின் முனைகள் எவற்றைத் தொடுகின்றன என்பதைக் கண்டே இதனைத் துணிய வேண்டும்.

5. குறியீடுகளும் அட்டவணைகளும்

கதவும் சன்னலும் கிடைப்படத்தில் பெயரால் அல்லாமல் குறியீட்டால் சுட்டப்படுகின்றன. ‘டி’ கதவையும், ‘டபிள்யூ’ சன்னலையும், ‘வி’ காற்றுப்போக்கியையும் குறிக்கும். ‘டி1’, ‘டி2’ என்பவற்றில் உள்ள எண், எத்தனையாவது கதவு என்பதைக் குறிப்பதன்று. எவ்வகைக் கதவு என்பதைக் குறிப்பது. ஒரு படத்தில் மூன்று ‘டி1’ இருக்கலாம். ஒவ்வொரு வகையின் அகலமும் உயரமும் படத்தின் ஓரத்தில் உள்ள அட்டவணையில் இடம்பெறும். கதவருகே வரையப்படும் கால்வட்ட வில், கதவு எப்பக்கம் திறக்கும் என்பதைக் காட்டும். மின்விசைப்பலகை எச்சுவரில் அமைய வேண்டும் என்பதை அவ்வில்லே முடிவு செய்கிறது. இல்லையெனில் விசைப்பலகை திறந்த கதவின் பின்னால் மறைந்துவிடும்.

கம்பி விவரம் இன்னும் செறிவானது. வட்டத்தின் மேல் சாய்கோடிட்ட குறி விட்டத்தைக் குறிக்கும். ‘8 விட்டம், 150 சி/சி’ என்பது 8 மி.மீ. விட்டமுள்ள கம்பிகளை, ஒன்றன் நடுவிலிருந்து அடுத்ததன் நடுவு வரை 150 மி.மீ. இருக்குமாறு அடுக்குக என்னும் ஆணை. இதனை இரு கம்பிகளுக்கு இடைப்பட்ட வெற்றிடம் என வாசித்தால் நடுவிடைவு 158 மி.மீ. ஆகித் தளத்தில் கம்பிகளின் எண்ணிக்கை குறையும். ‘4–12 விட்டம்’ என வரும்போது முன்னெண் கம்பிகளின் எண்ணிக்கை, பின்னெண் விட்டம். கம்பிக்கு வெளியே இருக்க வேண்டிய கான்கிரீட் கனமும் குறிப்புரையில் தரப்படும். தூணுக்குக் குறைந்தது 40 மி.மீ., அடித்தளத்துக்கு 50 மி.மீ. என்பவை இந்தியத் தரநிலை 456 (2000) கூறும் அளவுகள். இவை கட்டி முடித்த பின் கண்ணுக்குத் தெரியாதவை. கான்கிரீட் இடும் நாளில் தாளை வாசித்தவர் ஒருவர் அங்கு இருந்தாரா என்பதைப் பொறுத்தே அமைபவை.

6. வாசிப்பு வரிசை: ஓர் எடுத்துக்காட்டு

மேற்கண்ட கூறுகளை ஒருங்கே பயன்படுத்தும் முறையை ஓரறைக் கட்டடம் ஒன்றின் வழியே காணலாம். அதன் உள்ளளவு 3600 × 3000 மி.மீ.; சுவரின் கனம் 230 மி.மீ. எனக் கொள்வோம்.

முதலில் வாசிக்க வேண்டியது தலைப்புக் கட்டம். தாளின் வலக்கீழ் மூலையில் அமையும் இதில் படத்தின் பெயர், அளவுவிகிதம், அலகு, நாள், திருத்த எண் ஆகியவை இருக்கும். பழைய திருத்தத்தைக் கொண்டு கட்டுவது பிழைகளுள் பெரிது. ஏனெனில் படத்திற்குள் அதனைக் காட்டிக்கொடுக்கும் தடயம் எதுவும் இராது. இரண்டாவதாகக் குறிப்புரையை வாசிக்க வேண்டும். மூன்றாவதாக வடதிசைக் குறியைக் கண்டு, தாளைத் திருப்பி மனையின் திசையோடு பொருத்த வேண்டும்.

நான்காவது கிடைப்படம். உள்நீளம் 3600; இருபுறமும் சுவர் 230 வீதம் சேர வெளிநீளம் 4060. உள்ளகலம் 3000; வெளியகலம் 3460. நடுக்கோட்டளவு முறையே 3830, 3230. படத்தில் எழுதியுள்ள எண்கள் இவ்வாறு கூட்டினால் பொருந்துகின்றனவா எனப் பார்ப்பதே வாசிப்பின் முதற்சோதனை. உள்பரப்பு 10.8 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 116 சதுர அடி. வெளிப்பரப்பு ஏறத்தாழ 14.05 சதுர மீட்டர், அதாவது 151 சதுர அடி. நான்கு சுவர்கள் மட்டுமே 35 சதுர அடியை எடுத்துக்கொள்கின்றன. ‘எத்தனை சதுர அடி’ என்னும் வினாவுக்கு விடை, எந்தக் கோட்டிலிருந்து அளப்பது என்பதைப் பொறுத்தது. மனை வணிக ஒழுங்குமுறைச் சட்டம் (2016) குடியிருப்பின் நிகரப் பரப்பைக் கணக்கிடும்போது வெளிச்சுவர்களை விலக்கியது இதனால்தான் பொருளுடையதாகிறது.

ஐந்தாவது வெட்டுத்தோற்றம். தரைமட்டத்திலிருந்து அடிமேடை 600, அதன்மேல் தளத்தின் அடிப்பகுதி வரை 3000, தளத்தின் கனம் 120, கைப்பிடிச்சுவர் 900 எனில் மொத்த உயரம் 4620 மி.மீ. சன்னலின் அடிமட்டம் 900 என எழுதியிருந்தால் அது உள்தரையிலிருந்து அளந்தது. வெளியே நின்று அளப்பவருக்கு அது 1500 ஆகும். லிண்டலின் அடிமட்டம் 2100 எனில் சன்னலின் உயரம் 1200. அட்டவணையில் உள்ள உயரமும் 1200ஆக இருத்தல் வேண்டும். இல்லையெனில் இரண்டில் ஒன்று பிழை. கட்டுமுன் கேட்டறிய வேண்டும்.

இறுதியாக, படத்தில் இல்லாததையும் வாசகர் பெற வேண்டும். செவ்வகத்தின் மூலைவிட்டம் வரைபடத்தில் பெரும்பாலும் எழுதப்படுவதில்லை. நடுக்கோட்டளவு 3830 × 3230 எனில் மூலைவிட்டம் ஏறத்தாழ 5010 மி.மீ. நூல்பிடித்து நிலத்தில் குறித்த பின் இரு மூலைவிட்டங்களும் இதற்குச் சமமாக இருந்தால் மூலைகள் நான்கும் செங்கோணம். பிதாகரசு தேற்றத்தின் பெயர் அறியாத கொத்தனார்களும் மூன்று, நான்கு, ஐந்து எனும் கணக்கால் மூலைமட்டம் பார்க்கின்றனர். அவர்களிடம் வரைபட வாசிப்பைக் கொண்டு சேர்ப்பவர் தொடங்க வேண்டிய இடம் இதுவே. தெரிந்த கணக்கிலிருந்து தெரியாத தாளை நோக்கிச் செல்லலாம்.

7. களச்சொல்லும் படச்சொல்லும்

கட்டடக் களத்தில் வளமான சொற்றொகுதி ஒன்று உள்ளது. வானம் தோண்டுதல், கடைக்கால், நிலை, ரசமட்டம், தூக்குக்குண்டு, மூலைமட்டம் ஆகியவை அதனுள் அடங்கும். இவற்றுடன் பில்லர், பீம், சென்ட்ரிங், லிண்டல் முதலிய கடன்சொற்களும் இயல்பாகக் கலந்துவிட்டன. இக்கடன்சொற்களுள் சில, மூலமொழியிலிருந்து பொருள் மாறியவை. அவற்றுள் குறிப்பிடத்தக்கது ‘பேஸ்மெண்ட்’. தமிழ்நாட்டுக் களவழக்கில் இது தரைக்கு மேல் எழுப்பப்படும் அடிமேடையைக் குறிக்கிறது. வரைபடத்திலும் விதிகளிலும் அதே சொல் தரைக்குக் கீழே அமையும் தளத்தைக் குறிக்கிறது. அடிமேடை ‘பிளிந்த்’ எனப்படுகிறது. ஒரே சொல் தரைக்கு மேலும் கீழுமாக எதிரெதிர் பொருள் தருவது இங்கு நிகழ்கிறது.

‘சென்டர்’ என்பது மற்றோர் எடுத்துக்காட்டு. படத்தில் அது நடுக்கோடு. களத்தில் ‘சென்ட்ரிங்’ என்றால் கான்கிரீட் இடுவதற்கு முட்டுக்கொடுத்து அடிக்கும் பலகைவேலை. இவற்றைப் பிழை என்று ஒதுக்குதல் மொழியியல் நோக்கில் பொருந்தாது. களவழக்கு தனக்கென நிலைபெற்ற பொருளுடன் இயங்குகிறது. அதற்குள் குழப்பம் இல்லை. களத்திலிருந்து தாளுக்குக் கடக்கும் இடத்திலேயே குழப்பம் எழுகிறது. எனவே கலைச்சொல்லாக்கத்தில் ஈடுபடுவோர் ஆங்கிலச் சொல்லுக்கு நேராகத் தூய தமிழ்ச்சொல் ஒன்றை இடுவதோடு நின்றுவிடாமல், களச்சொல்லையும் மூன்றாவது நிரலாகச் சேர்க்க வேண்டும். ‘பிளிந்த்’ – ‘அடிமேடை’ – களத்தில் ‘பேஸ்மெண்ட்’ என மூன்றும் ஒருங்கே இருப்பின் தொழிலாளியும் மாணவரும் ஒரே பக்கத்தைப் பயன்படுத்த இயலும்.

முடிவுரை

வரைபட வாசிப்பு தோற்றம், கோடு, அளவு, குறியீடு என்னும் நான்கையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பொருள் கொள்ளும் செயல் என்பதை இக்கட்டுரை விளக்கியது. கிடைப்படம் ஒரு வெட்டுத்தோற்றம் என்பது, இடைவிட்ட கோட்டின் பொருள் படவகையால் மாறும் என்பது, எழுதிய எண்ணே சான்று என்பது, அளவின் தொடக்கமும் முடிவும் அறியாமல் எண்ணுக்குப் பொருளில்லை என்பது ஆகிய நான்கும் தொடக்கநிலையில் உறுதிப்பட வேண்டியவை. இவற்றைக் கற்பதற்கு வரையும் திறன் முன்தேவையன்று. கூட்டல் கணக்கும் பொறுமையும் போதும்.

இதனடிப்படையில் மூன்று பணிகள் ஆய்வாளர்களுக்கு உரியனவாகின்றன. முதலாவது, மாவட்டந்தோறும் வேறுபடும் கட்டடத் தொழிற்சொற்களைத் தொழிலாளர்களிடமிருந்தே தொகுத்தல். இரண்டாவது, படச்சொல், தமிழ்க் கலைச்சொல், களச்சொல் என மூன்று நிரல்கள் கொண்ட சொற்பட்டியலை உருவாக்குதல். மூன்றாவது, அனுமதிக்கு அளிக்கப்படும் வரைபடத்துடன் உரிமையாளர் வாசிக்கத்தக்க தமிழ்க் குறிப்புரை ஒன்றின் மாதிரியை வடிவமைத்தல். தமிழ்த்துறையும் கட்டடப் பொறியியல் துறையும் இணைந்து செய்யத்தக்க பணிகள் இவை. தாம் வாழப்போகும் வீட்டின் தாளில் ஒப்பமிடுபவர், எந்தக் கோடு சுவர், எந்தக் கோடு தலைக்கு மேலுள்ள பீம் என்பதை அறிந்து ஒப்பமிடும் நிலையே இப்பணிகளின் பயனாக அமையும்.